பழைய படகும் மறைந்த மக்கலும்

ஆறு, ஏரி, கழிமுகம் ஆகியவற்றின் கரையில் அமைந்த ஊராட்சிகளுக்குப் படகு இன்றியமையாத உடைமையாகும். மீன்பிடிக்கும் ஊர்களில் அது பிழைப்புக்குரிய கருவி. மற்ற ஊர்களிலோ வெள்ளக் காலத்தில் உயிர் காக்கும் சாதனம். ஏரிக் கரையில் விரிசல் கண்டால் ஊரே கூடிப் பேசுகிறது. படகில் விரிசல் கண்டால் வர்ணம் பூசி மறைத்துவிடும் வழக்கமே பல இடங்களில் காணப்படுகிறது. பழைய படகின் பெருங்கேடு வெளியே தெரிவதில்லை. மேற்புறம் பளபளப்பாக இருக்கையிலேயே உள்ளே நுரைப்பொருள் நீர் குடித்துக் கனத்திருக்கும், மரம் மக்கியிருக்கும். இதைக் கண்டறியும் முறையையும் நீக்கும் வகையையும் இக்கட்டுரையில் எடுத்துரைப்போம்.

வெள்ளம் கற்பித்த பாடம்

வடபழனியிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் ஜாபர்கான்பேட்டை அருகே அடையாறு ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி அதைக் கவனிப்பார் இல்லை. 2015 டிசம்பர் முதல் நாள் இரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது, அவ்வாறு கரை கடந்து ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளில் புகுந்தது. ஆற்றின் மேற்பகுதியில் முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய ஊர்களும் நீரில் சூழ்ந்தன. அச்சமயத்தில் மீனவர்கள் தம் பைபர் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து, தெருக்களில் செலுத்தி மக்களை மீட்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் படகுகளே துணை நின்றன.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. மீனவர் தம் படகை நாள்தோறும் மணலில் தள்ளி ஏற்றுபவர். அது கனத்தால் அவருடைய தோளே சொல்லிவிடும். ஊராட்சியின் மீட்புப் படகோ 11 மாதம் சும்மா கிடந்து, ஓர் இரவில் திடீரென்று நீரில் இறக்கப்படுவது. அதன் நலிவு அறியப்படும் நேரம், அதில் குழந்தைகளும் முதியோரும் ஏறியிருக்கும் நேரமாக அமைந்துவிடலாகாது.

கட்டுமரம் அறிந்த உண்மை

மிதக்கும் பொருள் நீரைக் குடித்தால் மிதக்கும் திறனை இழக்கும் என்பது நம் கடற்கரை மக்களுக்குப் புதிய செய்தியன்று. கட்டுமரத்தில் உட்புறம் என்று ஒன்றில்லை, மரத்துண்டுகளே மிதவை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவது பழைய வழக்கம். நீர் ஏறிய மரம் கண்ணெதிரே கிடந்தது. கையால் தூக்கிப் பார்த்தாலே தெரிந்தது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் எண்ணற்ற கட்டுமரங்களும் வள்ளங்களும் அழிந்தன. அதன்பின் கண்ணாடி நாரிழைப் படகுகள், அதாவது மக்கள் பைபர் படகு என்று அழைப்பவை, கரையெங்கும் பெருகின. அக்காலத்தில் செய்யப்பட்டவை இன்று 20 ஆண்டுகளைக் கடந்துவிட்டன. கைமாறி உள்நாட்டு ஏரிகளுக்கு வரும் பழைய படகுகளிலும் இவ்வயதினவற்றைக் காணலாம். இவற்றில் மிதவைப் பொருளும் வலுவூட்டும் மரமும் பைபர் போர்வைக்குள் அடைபட்டுள்ளன. அவற்றை அவிழ்த்து உலர்த்த வழியில்லை.

நுரைப்பொருள் நீர் குடிப்பது எவ்வாறு?

படகில் நீர் நிறைந்தாலும் அது மூழ்காதிருக்கும் பொருட்டு, அணியத்திலும் அமரத்திலும் தளத்தின் அடியிலும் உள்ள அறைகளில் நுரைப்பொருளை நிரப்புவர். இது இரு திரவங்களைக் கலந்து ஊற்றிப் பொங்கவைத்த பாலியூரித்தேன் ஃபோமாக இருக்கலாம். தெர்மாகோல் கட்டிகளாகவும் இருக்கலாம். மூடிய சிறு குமிழ்களால் ஆன நல்ல நுரைப்பொருள் எளிதில் நீர் குடிக்காது. ஆயினும் தளத்தில் அடித்த திருகாணித் துளை வழியாகவோ, மூட்டில் விழுந்த விரிசல் வழியாகவோ புகுந்த நீர் வெளியேற வழியின்றிப் பல ஆண்டுகள் தேங்கினால், குமிழ்ச் சுவர்கள் சிறிது சிறிதாகத் தளர்ந்து நீர் உட்புகும். அலையிலும் லாரியிலும் படும் அதிர்ச்சி இதை விரைவுபடுத்தும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு படகில் 400 லிட்டர் கொள்ளளவு நுரைப்பொருள் இருப்பதாகக் கொள்வோம். புதியதாக இருக்கையில் அதன் எடை ஏறத்தாழ 14 கிலோ. அதில் பாதி இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் 200 கிலோ கூடுகிறது. மூன்று அல்லது நான்கு பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் எப்போதும் படகில் அமர்ந்திருப்பதற்கு இது சமம். அன்றியும், படகில் நீர் நிறையும் ஆபத்து வேளையில் தாங்க வேண்டிய மிதவையும் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரே கேட்டினால் இரு நட்டம்.

மரம் மக்குவது ஏன்?

இஞ்சின் மாட்டும் பின்பலகை, தளம், அடியில் ஓடும் வலுச்சட்டங்கள் ஆகியவற்றில் ஒட்டுப்பலகையோ மரமோ வைத்து, மேலே பைபர் போர்த்தியிருப்பர். மரத்தை மக்கச் செய்வது ஒருவகைப் பூசணம். அதற்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும். நன்கு உலர்ந்த மரத்தில் அது வளராது. முற்றிலும் நீரில் அமிழ்ந்து காற்றே படாத மரத்திலும் அது வளர்வதில்லை. பாதி ஈரமாய், மூடுண்டு, வெதுவெதுப்பாய் இருக்கும் இடமே அதற்கு உகந்தது. நீர் கசிந்த பின்பலகையின் உட்புறம் அத்தகைய இடமே.

கடல் உப்பு இப்பூசணத்தின் வளர்ச்சியைத் தடுக்கும். மழைநீர் அதற்குத் துணை செய்யும். ஆகையால், கடலில் அன்றாடம் ஓடும் படகைவிட, ஏரிக் கரையில் வாய் திறந்தபடி மழையில் கிடக்கும் படகு விரைவில் மக்கக்கூடும். படகுக்கு ஓய்வு நல்லது என்று கருதுவோர் இதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

சோதிக்கும் முறை

பின்வரும் சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை.

1. எடை: டிராக்டர் டிரெய்லரில் படகை ஏற்றி எடை மேடையில் நிறுத்துக. பிறகு படகை இறக்கி, டிரெய்லருடன் டிராக்டரை மட்டும் நிறுத்துக. இரண்டின் வேறுபாடு படகின் எடை. வாங்கியபோதிருந்த எடையுடன் ஒப்பிடுக. பழைய கணக்கு இல்லையெனில், இவ்வாண்டு எடையைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி அடுத்த ஆண்டு ஒப்பிடுக.

2. நீர்க்கோடு: காற்றில்லாத வேளையில், வெறும் படகை ஏரியில் மிதக்கவிட்டு, நீர் தொடும் இடத்தை அணியத்திலும் அமரத்திலும் வர்ணத்தால் குறிக்கவும். ஆண்டுதோறும் அக்கோடு நீருக்குள் தாழுமாயின் உள்ளே நீர் சேர்கிறது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அப்பக்கத்து அறையை முதலில் ஐயுறுக.

3. ஓசை: தச்சரின் சிறு கொட்டாப்புளியால் தளத்தையும் பின்பலகையையும் சாண் இடைவெளியில் தட்டுக. நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். மக்கிய இடம் மொத்தென்று மழுங்கி ஒலிக்கும். அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் குறிக்க.

4. அசைவு: இஞ்சினைச் சற்றுத் தூக்கி அழுத்தும்போது பின்பலகை வளைந்து கொடுக்கிறதா, தளத்தில் நடக்கும்போது காலடியில் மெத்தென்று இறங்குகிறதா என்று காண்க. திருகாணிகளைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தால் அதுவும் அறிகுறியே.

5. துளை: ஐயத்துக்குரிய இடத்தில், படகின் உட்புறத்திலிருந்து மட்டும், 6 மில்லிமீட்டர் துரப்பணத்தால் சிறு துளை இடுக. அடிப்புறப் போர்வையைத் துளைத்து வெளியே சென்றுவிடலாகாது. வரும் மரத்தூள் வெளிர்நிறமாய் உலர்ந்திருந்தால் நன்று. கறுத்து, ஈரமாய், புளித்த வாடையுடன் வந்தால் மக்கல் உறுதி. நல்லதெனக் கண்ட துளையை எபாக்சிப் பசையால் அன்றே அடைத்துவிடுக.

பழுது நீக்கும் முறை

நீர் ஏறிய நுரைப்பொருள் வெயிலில் வைத்தால் உலர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. அடைபட்ட அறைக்குள் ஊறியது மாதக்கணக்கில் வெயில் பட்டாலும் உலராது. தளத்தை உட்புறமாக அறுத்துத் திறந்து, ஊறியதை முற்றிலும் தோண்டி எடுப்பதே வழி. அறுத்தெடுத்த தளப் பலகை நல்லதாயின் மீண்டும் பயன்படும்.

மக்கிய மரத்தை, உறுதியான மரம் தென்படும் இடத்துக்கு அப்பாலும் ஒரு சாண் வரை வெட்டி நீக்குக. சிறிது மிஞ்சினாலும் மக்கல் மீண்டும் பரவும். எஞ்சிய பகுதி நன்கு உலர்ந்த பின்னரே புதுப் பலகை பொருத்த வேண்டும். இந்தியத் தரக்குறியீடு 710 பெற்ற கடல்வகை ஒட்டுப்பலகையே ஏற்றது. அதன் வெட்டு விளிம்புகளையும் துளைகளையும் எபாக்சியால் ஊறவைத்து மூடுக. பழைய பைபரும் புதிய பைபரும் கூடும் இடத்தில், பழையதன் விளிம்பை அதன் தடிப்பைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து ஒட்டினால் மூட்டு பலப்படும். ஈரமான மரத்தின்மேல் ஒட்டிய பைபர் சில மாதங்களில் உரிந்துவிடும்.

புதிய நுரைப்பொருள் படகின் அடித்தட்டைத் தொடாதவாறு, கீழே நீர் ஓட வழிவிட்டுப் பொருத்துக. வலுச்சட்டங்களில் நீர்வழித் துளைகளும், அமரத்தில் வடிகால் தக்கையும் இருத்தல் அவசியம். பாலியெஸ்டர் ரெசினும் பெட்ரோலும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஆதலின் அவை படக்கூடிய இடத்தில் தெர்மாகோல் வைக்கலாகாது. இஞ்சின் திருகாணித் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே மீண்டும் துளையிட்டால் நீர் மரத்தை எட்டாது.

வேலை முடிந்ததும், ஆழமற்ற நீரில் படகை நிறுத்தி உள்ளே நீர் நிரப்பிப் பார்க்கவும். விளிம்பு நீருக்கு மேல் நிற்க, சாயாமல் மிதந்தால்தான் பழுது நீங்கியது என்று கொள்ளலாம்.

எச்சரிக்கை

பைபரை அறுக்கையில் எழும் தூள் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் தீங்கானது. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இன்றி எவரையும் இவ்வேலையில் விடலாகாது. பாலியூரித்தேன் திரவங்களைக் காற்றோட்டமான வெளியிலேயே கலக்க வேண்டும். தோண்டி எடுத்த நுரைப்பொருளைக் கொளுத்தலாகாது. அதன் புகை நச்சுடையது.

ஊராட்சியின் கடமை

பழைய படகின்மேல் புதிதாக ஒரு பைபர் போர்வை போர்த்திவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் கூறினால் அங்கத்தினர்கள் இணங்கலாகாது. மக்கலை மூடிய போர்வை அதைக் காப்பாற்றும் போர்வையே ஆகும். எடை பார்த்து, தட்டிப் பார்த்து எழுதிய குறிப்பு இல்லாமல் வர்ணத்துக்கும் போர்வைக்கும் பணம் அனுமதிப்பது வீண் செலவு. பின்பலகையும் அடிச்சட்டங்களும் ஒருங்கே மக்கியிருப்பின், அப்படகை ஒதுக்கிவிடத் தீர்மானிப்பதே சிக்கனம்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. அந்நாட்களில் படகுத் தச்சர்களுக்கு ஓய்விராது. ஆகவே ஆனி பிறந்ததும் சோதனை செய்து, ஆடி, ஆவணியில் பழுது நீக்கி, புரட்டாசியில் நீரில் இறக்கிப் பார்த்துவிட்டால், ஐப்பசி மழைக்குப் படகு ஆயத்தமாக இருக்கும். மற்ற நாட்களில் மரக்கட்டைகளின்மேல், நிழலில், கவிழ்த்து வைக்கலாம். நிமிர்த்தி வைப்பதாயின் அணியத்தைச் சற்று உயர்த்தி, தக்கையைக் கழற்றி வைக்க வேண்டும். இரு முனையிலும் காற்றுப் புகுமாறு கூரை அமைக்க வேண்டும். தார்ப்பாயை இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும்.

ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையைப் படகின் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பதும் நன்று. சோதித்த நாள், கண்ட எடை, நீர்க்கோட்டின் நிலை ஆகிய மூன்றும் ஊராட்சிக் கூட்டத்தில் ஆண்டுக்கொரு முறை படிக்கப்படட்டும். இதற்கு ஆகும் செலவு, எடை மேடைக் கூலியும் ஒரு தச்சரின் அரைநாள் வேலையுமே. வெள்ள இரவில் கூரைமேல் நின்று கை காட்டுவோரிடம் அப்படகு சென்று சேருமா என்பது, ஆனி மாதத்தில் செய்யும் இவ்வரைநாள் வேலையைப் பொறுத்தது.