ஹம்வீயின் ஃபேன் கிளட்ச்: கழற்றும் முன்னும் பூட்டிய பின்னும்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட ஹம்வீ வண்டிகளை ஏலத்தில் எடுத்து ஓட்டுகிறவர்கள் பலர். அவர்களில் ஃபேன் கிளட்ச் தொல்லையைச் சந்திக்காதவர்கள் குறைவு. அது இரண்டு விதமாக வரும். வண்டியைக் கிளப்பிய நிமிடத்திலிருந்து விசிறி விமானம் புறப்படுவதுபோல இரைந்துகொண்டே இருக்கும். இல்லையென்றால், மேடு ஏறும்போது வெப்ப முள் ஏறிக்கொண்டே போகும், விசிறிச் சத்தம் மட்டும் கேட்கவே கேட்காது.

அரிசோனா வெயிலில் இந்த வண்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் புது கிளட்ச்சோடுதான் வருவார்கள். "இதை மாட்டிக் கொடுங்கள், போதும்" என்பார்கள். நான் முதலில் கேட்பது, பழைய கிளட்ச்தான் கெட்டது என்று எப்படித் தெரிந்தது என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது என்பது என் அனுபவம்.

அது எப்படி வேலை செய்கிறது

ஹம்வீயை ஏ.எம். ஜெனரல் நிறுவனம் தயாரிக்கிறது. 1983-ல் ராணுவத்திடம் ஒப்பந்தம் பெற்றது. பழைய வண்டிகளில் 6.2 லிட்டர் வி-8 டீசல் எஞ்சின், பிந்தையவற்றில் 6.5 லிட்டர். தரையிலிருந்து ஏறக்குறைய 16 அங்குல இடைவெளி வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் தூக்கி வைத்திருக்கிறார்கள். ரேடியேட்டர் சாய்ந்து கிடக்கிறது. அதன் வழியே காற்றை இழுக்கப் பெரிய விசிறி தேவை. பெரிய விசிறி எஞ்சின் சக்தியை விழுங்கும், எரிபொருளையும் விழுங்கும். அதனால் தேவைப்படாத நேரத்தில் அதைக் கழற்றிவிட ஒரு கிளட்ச் வைத்திருக்கிறார்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்தக் கிளட்ச்சைப் பிடிக்க வைப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங். விட வைப்பது ஆயில் அழுத்தம். அந்த அழுத்தம் பவர் ஸ்டீயரிங் பம்ப்பிலிருந்து வருகிறது. எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒரு சாலினாய்டு வால்வுக்கு 24 வோல்ட் மின்சாரம் போகும். வால்வு திறந்து ஆயிலை கிளட்ச்சுக்கு அனுப்பும், விசிறி விடுபடும். கூலன்ட் வெப்பம் சுமார் 220 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வெப்ப ஸ்விட்ச் மின்சாரத்தை நிறுத்தும். அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் கிளட்ச்சைப் பிடிக்கும், விசிறி சுழலும்.

ஆக, ஒயர் அறுந்தாலும், ஸ்விட்ச் போனாலும், ஆயில் ஒழுகித் தீர்ந்தாலும் விசிறி ஓடத்தான் செய்யும். நடுப் பாலைவனத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிடக் கூடாது என்று யோசித்து அமைத்த ஏற்பாடு இது. எனக்கு இதில் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதே காரணத்தால்தான், எங்கோ இருக்கும் ஒரு சின்னக் கோளாறு கிளட்ச் கெட்டுவிட்டதுபோலக் காட்டிவிடுகிறது.

விசிறி நிற்கவே மாட்டேன் என்றால்

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் அழுத்தம் ஏறும்வரை விசிறி சற்று நேரம் வேகமாகச் சுழல்வது இயல்பு. பிறகும் இரைச்சல் தணியவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பவர் ஸ்டீயரிங் ஆயில் அளவைப் பாருங்கள். அடுத்து, வால்வின் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அங்கே ஏறக்குறைய 24 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் குற்றவாளி ஒயர், வெப்ப ஸ்விட்ச் அல்லது அதே மின்சுற்றில் இருக்கும் டைம் டிலே மாட்யூல். கிளட்ச்சுக்கு இதில் பங்கே இல்லை. மின்சாரம் இருந்தால், ஆயில் அழுத்தம் கிளட்ச்வரை போகிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். இந்த அழுத்தம் 1,000 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டக்கூடியது. அதற்குத் தாங்கும் கேஜும் ஹோஸும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒழுகும் இடத்தைக் கையால் தடவித் தேடவே கூடாது. மின்சாரமும் அழுத்தமும் சரியாக வந்து சேர்ந்தும் விசிறி விடுபடவில்லையா? அப்போதுதான் கிளட்ச்சின் மேல் பழி போடலாம்.

விசிறி பிடிக்கவே இல்லை என்றால்

இதுதான் ஆபத்தான வகை. எஞ்சினை நிறுத்தி, சில நிமிடம் விட்டு, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு விசிறி இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். அழுத்தம் இல்லாத நேரத்தில் ஸ்பிரிங் பிடித்திருக்க வேண்டும், விசிறி நன்றாகத் தடை கொடுக்க வேண்டும். லேசாகச் சுற்றினால் உராய்வுத் தட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தடை இருந்தால், பேட்டரியை மறுபடி இணைத்து எஞ்சினை ஓடவிட்டு வால்வின் கனெக்டரைக் கழற்றுங்கள். கை, துணி, ஒயர் எதுவும் விசிறிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கனெக்டரை எடுத்ததும் விசிறி பிடித்தால் கிளட்ச்சும் வால்வும் நன்றாக இருக்கின்றன, மின்சாரத்தை நிறுத்த வேண்டிய ஸ்விட்ச்தான் நிறுத்தவில்லை. வழியில் வண்டி சூடேறினாலும் இதே வழிதான்: கனெக்டரைக் கழற்றிவிட்டு, விசிறி இரையட்டும் என்று வீடு வந்து சேரலாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். விசிறி சரியாக ஓடியும் வண்டி சூடேறுகிறது என்றால், ஆயில் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேற்றுப் புழுதி கெட்டியாகப் படிந்திருக்கும். குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டு எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவினாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

கழற்றும்போது

கிளட்ச்தான் என்று உறுதியான பிறகு வேலையில் இறங்கலாம். டி.எம். 9-2320-280-20 என்ற ராணுவக் கையேடு ஹம்வீ வரிசைக்கான பராமரிப்பு நூல். உங்கள் வண்டியின் மாடலுக்கு உரிய பக்கத்தை எடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்பதை அதில் பார்த்தே செய்ய வேண்டும், கைப்பழக்கத்தில் செய்யக் கூடாது.

பேட்டரிகள் முன் பயணி இருக்கைக்குக் கீழே இருக்கின்றன. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். கை மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு முதலில் நெகடிவ் பக்கத்தை எடுங்கள். பிறகு எஞ்சின் நின்ற நிலையில் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை பல முறை மிதியுங்கள். ஹம்வீயின் பிரேக் பூஸ்டரும் இதே பவர் ஸ்டீயரிங் ஆயிலில்தான் இயங்குகிறது. அதில் சேமித்து வைத்த அழுத்தம் முழுவதும் வெளியேறிய பிறகே ஹோஸைத் தொட வேண்டும்.

ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு தடித்த அட்டையோ மெல்லிய பலகையோ செருகிவிடுங்கள். கை நழுவி ஸ்பேனர் பட்டால் ரேடியேட்டர் ஃபின் நசுங்கும், அந்தச் செலவு கிளட்ச் செலவோடு சேர்ந்துகொள்ளும். வண்டியின் உடலில் பெரும்பாலும் அங்குல அளவு போல்ட், எஞ்சினில் மெட்ரிக் அளவு. இரண்டு செட் ஸ்பேனரும் கையருகே இருக்கட்டும். பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு போல்ட் தலையை உருட்டிவிட்டால் அரை மணி வேலை ஒரு நாள் இழுக்கும்.

ஹோஸைக் கழற்றும்போது ஒரு ஸ்பேனரால் ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். கழற்றிய உடனே இரண்டு முனைகளையும் மூடிவிடுங்கள். உள்ளே போகும் ஒரு மணல் துகள் கிளட்ச்சோடு நிற்காது. அதே ஆயில் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் போகிறது. சுத்தத்தில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

விசிறியைக் கழற்றும் முன் ரேடியேட்டரைப் பார்க்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். திருப்பி மாட்டினால் காற்றோட்டமே கெட்டுப்போகும். கழற்றிய பின் ஒவ்வொரு இறக்கையின் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்த விசிறி வேண்டாம். வாட்டர் பம்ப் தண்டை ஆட்டிப் பாருங்கள், கீழே கூலன்ட் கசிந்த தடம் உண்டா என்று பாருங்கள். இவ்வளவு தூரம் பிரித்த பிறகு தேய்ந்த பெல்ட்டையும் பழைய ஹோஸையும் அப்படியே விடுவது சிக்கனம் ஆகாது.

பூட்டும்போது

ராணுவக் கிடங்கிலிருந்து வரும் உதிரிப் பாகங்கள் பெட்டி பிரிக்காமல் பல ஆண்டுகள் கிடந்தவையாக இருக்கலாம். இரும்பு புதிதாக இருக்கும், ரப்பர் சீல் காய்ந்திருக்கும். பெட்டியில் உள்ள தேதியைப் பாருங்கள். விறைத்துப்போன சீலை நம்பி மாட்டினால் கொஞ்ச நாளில் விசிறியைச் சுற்றிச் சிவப்பு ஆயில் தெறித்திருக்கும்.

பொருந்தும் முகங்களைத் துடைத்து, போல்ட்டுகளைக் கையால் முழுக்க ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். விசிறியைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, அதைச் சுற்றியுள்ள கூட்டில் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். செருகிய அட்டையை எடுத்துவிட்டு, ஹோஸ் பெல்ட்டிலோ இறக்கையிலோ படாத தூரத்தில் கட்டியிருக்கிறதா என்றும் உறுதி செய்யுங்கள்.

ஏர் எடுப்பது

அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இது. பவர் ஸ்டீயரிங் ரிசர்வாயரில் டெக்ஸ்ரான் வகை ஆயிலை நிரப்புங்கள். முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைக் கிளப்பாமலேயே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றுங்கள். இறங்குவது நின்ற பிறகு பேட்டரியை இணைத்து எஞ்சினைக் கிளப்பி மறுபடி திருப்புங்கள், பிரேக்கையும் மிதியுங்கள். கோடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஆயிலில் நுரை வந்தால் எஞ்சினை நிறுத்தி அது அடங்கும்வரை காத்திருங்கள். பம்ப் வறண்டு ஓடினால் பம்ப்பே போய்விடும்.

சாலையில் இறங்கும் முன்

நின்ற இடத்திலேயே மூன்று சோதனைகளை முடித்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் விசிறி விடுபட வேண்டும். கனெக்டரைக் கழற்றினால் உடனே பிடிக்க வேண்டும். மாட்டிவிட்டு வெப்பம் ஏறும்வரை ஓடவிட்டால், முள் 220-ஐ நெருங்கும்போது அதுவாகவே பிடித்து, வெப்பம் இறங்கியதும் விட வேண்டும். பிறகு ஸ்டீயரிங் கனமில்லாமல் திரும்புகிறதா, பிரேக் பெடல் சரியான உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் ஹோஸ் முனைகளைத் துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஆயில் அளவையும் சரிபாருங்கள்.

பார்வைக்கு இது ஒரு விசிறியின் பாகம். ஆனால் இதன் ஆயில்தான் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் திருப்புகிறது, நிறுத்துகிறது. கிளட்ச் மாற்றிய வண்டியை, பிரேக் பழுதுபார்த்த வண்டியைப் பரிசோதிக்கும் அதே கவனத்தோடு பரிசோதித்த பிறகே சாவியைக் கொடுங்கள்.