எழுத்து வரிசையும் பரம்பரை வரிசையும்

“அறிவியலைத் தமிழிற் சொல்ல முடியுமா, சேர்?” என லிட்கம் வகுப்பில் மேல்வகுப்பு மாணவி ஒருத்தி நம்மை வினவினாள். ஊரிலே கரும்பலகையில் நாம் கற்பித்த பாடமொன்றையே விடையாகத் தருகின்றோம்.

தாவரக் கலத்திலுள்ள நிறமூர்த்தங்களிற் பரம்பரை அலகுகள் எழுத்துகள்போல் வரிசையாக அமைந்துள்ளன. அவ்வரிசையை அ ஆ இ ஈ உ ஊ எனக் கொள்வோம். சிலவேளைகளில் நிறமூர்த்தம் இரண்டு இடங்களில் முறிந்து, நடுத்துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும். அப்போது வரிசை அ ஆ உ ஈ இ ஊ என மாறும். இதுவே தலைகீழ்த் திருப்பம். எழுத்தொன்றும் குறையவில்லை, செடியும் பெரும்பாலும் நலமாகவே வளரும்.

மகரந்தம் உண்டாகும் வேளையிலேதான் சிக்கல் எழுகின்றது. தாய்வழி, தந்தைவழி நிறமூர்த்தங்கள் சோடிசேர்ந்து துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளல் வேண்டும். ஒன்று நேராகவும் மற்றையது திரும்பியும் இருப்பின், ஒத்த எழுத்துகள் சந்திப்பதற்காக அவை வளையமாக வளைகின்றன. வளையத்தினுள்ளே, இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் இடையில், ஒரு பரிமாற்றம் நிகழ்ந்தால் விளைவதென்ன? ஒரு நிறமூர்த்தம் அ ஆ இ ஈ உ ஆ அ என்றாகும். அதில் ஊகாரம் இல்லை. மற்றையது ஊ இ ஈ உ ஊ என்றாகும். அதில் அகரமும் ஆகாரமும் இல்லை. இத்தகைய குறைகளைப் பெற்ற மகரந்தமணிகள் பெரும்பாலும் மலடாகும். எனவே திரும்பிய பகுதியிலுள்ள அலகுகள் பிரியாது, ஒரு கட்டாகவே அடுத்த தலைமுறையைச் சேர்கின்றன. சோடியின் இரண்டும் ஒரேவிதமாகத் திரும்பியிருப்பின் இத்தடை இல்லை.

1930களில் அமெரிக்காவில் பார்பரா மக்கிளின்டொக் மக்காச்சோளத்தில் இவ்வளையங்களை நுணுக்குக்காட்டியிற் கண்டு ஆராய்ந்தார்.

இக்கட்டு நன்மையா, தீமையா? நல்ல பண்பைத் தீய பண்பிலிருந்து பிரிக்க விரும்பும் பயிர் வளர்ப்போர்க்கு இது இடர். காட்டுச் செடிக்கோ காவல். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மஞ்சள் குரங்குப்பூச்செடி இருவகையாக வளர்கின்றது. உள்நாட்டு வகை கோடை வறட்சிக்கு முன்னரே பூத்து ஓராண்டில் மடியும். ஈரமான கடற்கரை வகை பல்லாண்டு வாழும். இவ்வேறுபாட்டுக்கு ஒரு தலைகீழ்த் திருப்பம் துணைநிற்பதை லோரி, வில்லிஸ் என்னும் ஆய்வாளர் 2010இல் வெளியிட்டனர். அவ்வவ்விடத்துக்கு ஏற்ற பண்புகள் கலைந்துபோகாமல் அத்திருப்பம் காக்கின்றது.

மாணவச் செல்வங்களே, ஆங்கிலப் பாடநூலில் ‘இன்வெர்ஷன்’ என்னும் சொல்லைக் காணும்போது இந்த ஆறு எழுத்துகளை எழுதிப் பாருங்கள். பெற்றோரே, அவர்களை உங்களுக்கு விளக்கச் சொல்லிக் கேளுங்கள். இடம்பெயர்ந்தபோது நம் பாடக்குறிப்புகளைக் கொண்டுவர இயலவில்லை. சொற்கள் மட்டுமே உடன்வந்தன. அவற்றையேனும் பிள்ளைகளிடம் குறைவின்றிச் சேர்ப்போம்.