நேயர் சங்கத்தில் புது ஆள்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஓர் ஊர். பெயர் ஜும்ரி திலையா. காக்காப்பொன் வியாபாரம் செழித்த ஊர். ஆனால் அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது அஞ்சலட்டை!

இலங்கை வானொலியும், 1957-இல் தொடங்கிய விவித பாரதியும் இந்திப் படப் பாடல்களை ஒலிபரப்பின. நேயர்கள் பாட்டுக் கேட்டு அட்டை எழுதினார்கள். பாட்டுக்கு முன் அவர்கள் பெயரையும் ஊரையும் வாசிப்பார்கள். ஜும்ரி திலையாவிலிருந்து அட்டைகள் வந்து குவிந்தன. அப்படி ஓர் ஊரே கிடையாது என்று கூடச் சிலர் நினைத்தார்கள். பல ஊர்களில் நேயர் சங்கங்கள் தோன்றின. ஒரே அட்டையில் பல பேருடைய பெயர் இருக்கும்.

உங்கள் தெருவிலும் ஒரு நேயர் சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அம்மா புதிதாகச் சேர வருகிறார். வாசலிலேயே தயங்கி நிற்கிறார்.

“என் எழுத்து கோணலா இருக்கும். நீங்களே எழுதிடுங்க” என்கிறார்.

நீங்கள் எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனாலும் எழுதாதீர்கள். அவரை உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். பிடித்த பாட்டு எது என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தொடங்கினால் யாருக்கும் பாதிக் கூச்சம் போய்விடும். பாட்டின் முதல் அடியை நீங்கள் எழுதுங்கள். பேனாவை அவரிடம் கொடுங்கள். பெயரை அவரே எழுதட்டும். எழுத்து கோணினால் என்ன? வானொலியில் பெயர் நேராகத்தான் கேட்கும்.

எழுதிப் பாருங்கள்: உங்கள் பெயர், ஊர், பிடித்த பாட்டு.