நூலகரும் தொழில் தகவலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: கூகுளில் தேடத் தெரிந்தால் போதும்; தொழில் தகவல் தேட நூலகருக்குத் தனிப் பயிற்சி வேண்டாம்.

உண்மை: தொழில் தகவலில் பெரும்பகுதி அரசுத் தளங்களின் தரவுத் தொகுப்புகளுக்குள் கிடக்கிறது. உள்ளே போய்ச் சரியான எண்ணைக் கொடுத்தால்தான் வெளியே வரும். திருப்பூரில் பனியன் பட்டறை நடத்தும் ஒருவர், "நம்ம ஊர் டி-ஷர்ட்டை எந்த நாட்டுக்காரங்க அதிகம் வாங்குறாங்க?" என்று கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வியை அப்படியே தட்டினால் விளம்பரங்களும் ஏஜென்டுகளின் பக்கங்களும் வந்து குவியும். வணிகப் பொருள்களை எண்ணால் வகைப்படுத்துவது எச்.எஸ். குறியீடு. பின்னல் டி-ஷர்ட்டுக்கு அது 6109, பருத்தி என்றால் 610910. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே. இந்தியா அதை எட்டாக நீட்டியிருக்கிறது. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதி, இறக்குமதித் தரவு வங்கியில் இந்த எண்ணைப் போட்டால், நாடுவாரியாக, ஆண்டுவாரியாகக் கணக்கு வந்துவிடும். கட்டணம் இல்லை.

பொருளை எண்ணால் பகுத்து, எண்ணைக் கொண்டே தேடி எடுப்பது நூலகர் படித்த படிப்பு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்களைப் பகுக்கும் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டது 1933இல். அந்த மரபில் வந்தவர்களைப் பார்த்து, "வணிகம் படிக்காதவங்களுக்கு இதெல்லாம் வராது" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வணிகப் பட்டதாரியைவிட இவர்களுக்குத்தான் இது சீக்கிரம் பிடிபடும்.

நம்பிக்கை: கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பெயர் இல்லையென்றால் அது போலி நிறுவனம்.

உண்மை: அந்தத் தளத்தில் இருப்பவை கம்பெனிகளும் எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைகளும் மட்டுமே. தனி உரிமையாளர் கடைகள் அங்கே வராது. 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் கூட்டு நிறுவனங்களும் வராது. அவற்றுக்குப் பதிவே கட்டாயமில்லை. நம் கடைத்தெருவில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவர்களைப் பற்றிக் கேட்டால் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறி, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். மொத்தப் பதினைந்தில் ஆறாவது இடத்து எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. லெட்டர்பேடில் 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டுவிட்டு ஆறாவது எழுத்து 'பி'யாக இருந்தால், முன்பணம் அனுப்பும் முன் விசாரிக்க வேண்டும். பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதை ஜி.எஸ்.டி. தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை: பதிவு இருந்தால் நம்பிக் கடன் கொடுக்கலாம்.

உண்மை: பதிவு, நிறுவனம் இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், நாணயத்தைச் சொல்லாது. கடைசியாக எந்த ஆண்டுக் கணக்கு தாக்கலானது, சொத்தின் மேல் எந்த வங்கிக்குக் கடன் பாத்தியதை இருக்கிறது என்பதையும் எடுத்துக் காட்டுவது நூலகர் வேலை. கொடுக்கலாமா என்ற முடிவு கேட்டவருடையது.

நம்பிக்கை: ஒரு நாள் பயிலரங்கில் இணையதளப் பட்டியலைக் கொடுத்துவிட்டால் பயிற்சி முடிந்தது.

உண்மை: தள முகவரியும் அமைப்பும் மாறிக்கொண்டே இருக்கும். யார், எதை, யாரிடம் சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது; பயிற்சி அதைத்தான் சொல்லித்தர வேண்டும். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால் ஆண்டறிக்கை சந்தையின் தளத்திலேயே கிடைக்கும். சந்தைக்கு வராத பிரைவேட் கம்பெனி கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்கும். சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். தனி உரிமையாளர் தம் கணக்கை ஊரறிய வெளியிட வேண்டியதில்லை; தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மாவட்ட நூலக அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சியில் பட்டியலுக்குப் பதிலாக, உங்கள் ஊர்க் கடைக்காரர்களிடமும் பட்டறைக்காரர்களிடமும் கேட்டு வாங்கிய உண்மையான கேள்விகளை நூலகர்களிடம் கொடுங்கள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் அந்தக் கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் கட்டி வருகிறார்கள்.