ஆதாய தெரிகெ

அத்திபெலேயின் நுழைவு வளைவைக் கடந்து பெங்களூருவை நோக்கிச் செல்லும் பேருந்து, சந்தாபுரம், பொம்மசந்திரம் ஆகிய ஊர்களைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியை அடைகிறது. அங்கே வருமானவரித் துறையின் மத்தியச் செயலாக்க மையம் இயங்குகிறது. 2009ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கிய இம்மையத்திற்கு நாடு முழுவதிலிருந்தும் வருமானவரிக் கணக்குகள் வந்து சேர்கின்றன. தொடக்கக் காலத்தில், இணையத்தில் கணக்கைத் தாக்கல் செய்தவர்கள் ஒப்புகைத்தாளை அச்சிட்டுக் கையொப்பமிட்டு எலக்ட்ரானிக் சிட்டி அஞ்சலகத்தின் முகவரிக்கு அனுப்பினர். கன்னியாகுமரியில் கையொப்பமிட்ட தாளும் காஷ்மீரில் கையொப்பமிட்ட தாளும் அந்த ஒரே அஞ்சலகத்திற்கு வந்தன. இன்று, ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணே அப்பணியைச் செய்துவிடுகிறது.

வருமானவரித் துறையைக் கன்னடத்தில் 'ஆதாய தெரிகெ இலாகெ' என்பர். தமிழில் இலாபத்தைக் குறிக்கும் 'ஆதாயம்' கன்னடத்தில் வருமானத்தைக் குறிக்கிறது. 'இலாகா' உருதுவின் வழியாக இரு மொழிகளுக்கும் வந்த சொல். 'தெரிகெ' என்பதோ, சிற்றரசர் பேரரசருக்குச் செலுத்திய 'திறை' என்னும் தமிழ்ச்சொல்லுக்கு உறவானது. பெயர்ப்பலகையைப் படிக்கத் திணறும் தமிழ்ச் சிறுவருக்கும் அதன் பொருள் பாதி தெரிந்ததே.

அத்திபெலேயில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தந்தை இயந்திரப் பொறியாளர். பொம்மசந்திரத்திலுள்ள தொழிற்சாலை ஒன்றில் மாதம் 60,000 ரூபாய் ஊதியம் பெறுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், எல்லைக்கு அப்பால் ஒசூரில் உள்ள சிறு நிறுவனம் ஒன்றிற்கு இயந்திர உறுப்புகளின் வரைபடங்களை வடிவமைத்துத் தருகிறார். வெளிவேலை செய்வதற்குத் தொழிற்சாலையிடம் முன்னரே எழுத்துவழி இசைவு பெற்றிருந்தார். அது வரியோடு தொடர்பில்லாத, தனியான கடமை. 2025-26 நிதியாண்டில் அவ்வேலைக்குப் பேசிய கட்டணம் 84,000 ரூபாய். கைக்கு வந்ததோ 75,600 ரூபாய்.

"மீதியை அந்நிறுவனம் பிடித்துக்கொண்டது. சிறிய இடம், கேட்டால் அடுத்த வேலை கிடைக்காது" என்று அவர் பேசாதிருந்தார். கணக்குத் தாக்கல் செய்யும் காலம் வந்தது. உடன் பணிபுரியும் ஒருவர், "அண்ணா, அதையெல்லாம் காட்டாதீர்கள். காட்டினால் வரி கேட்பார்கள். ஊதியத்தை மட்டும் எழுதுங்கள்" என்றார். அறிவுரை இலவசமாகக் கிடைத்ததால் அது நல்லதாகவும் தோன்றியது.

அன்றிரவு, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் அவர் அருகில் அமர்ந்திருந்தாள். தந்தை வருமானவரித் துறையின் இணையதளத்தில் நுழைந்து, படிவம் 26ஏஎஸ் என்னும் பக்கத்தைத் திறந்தார். தொழிற்சாலையின் பெயருக்குக் கீழே ஒசூர் நிறுவனத்தின் பெயரும் இருந்தது.

"அப்பா, இங்கே 84,000 என்று இருக்கிறதே. பக்கத்தில் 8,400 என்றும் இருக்கிறது. அது என்ன?"

தந்தை சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லையம்மா. என் பெயரில் அரசுக்குக் கட்டியிருக்கிறார்கள்" என்றார்.

அதற்கு மூலத்தில் வரிப் பிடித்தம் என்று பெயர். டிடிஎஸ் என்பது வழக்குச்சொல். பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றோருக்கு ஒரு நிறுவனம் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் தந்தால், நூற்றுக்குப் பத்து பிடித்து, பெறுபவரின் பான் எண்ணில் அரசுக்குச் செலுத்த வேண்டும். ஆகவே, தந்தை மறைக்க எண்ணிய வருமானம் துறைக்கு முன்பே தெரிந்திருந்தது.

அடுத்து இருவரும் கணக்கிட்டனர். புதிய வரிமுறைப்படி ஆண்டு ஊதியம் 7,20,000 ரூபாயில் நிலையான கழிவு 75,000 நீங்க, 6,45,000 நின்றது. வரைபடக் கட்டணம் ஊதியம் ஆகாது; அது தொழில் வருமானம். கணினி, மின்சாரம், இணையம் ஆகியவற்றுக்கு அதில் செலவுண்டு. ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு வைத்திருக்க இயலாத சிறு தொழிலருக்காகச் சட்டம் ஓர் எளிய வழியைத் தந்துள்ளது. 44ஏடிஏ பிரிவின்படி, பொறியியல் முதலிய குறிப்பிட்ட தொழில் செய்வோர் பெற்ற கட்டணத்தில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். எனவே 42,000 ரூபாய் சேர்ந்து மொத்த வருமானம் 6,87,000 ஆயிற்று. நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட 2,87,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வரி 14,350 ரூபாய். ஆனால் மொத்த வருமானம் 12 இலட்சத்தைத் தாண்டாதவருக்கு அந்த வரி முழுவதும் தள்ளுபடியாகிறது.

"அப்படியென்றால் வரி பூச்சியம். பிறகு எதற்கு அப்பா கணக்குக் காட்ட வேண்டும்?" என்று மகள் கேட்டாள்.

பெரியவர் பலரும் தடுமாறும் இடம் இதுதான். வரி கட்டுவது வேறு. வருமானத்தைத் தெரிவிப்பது வேறு. தள்ளுபடிக்கு முன் வருமானம் நான்கு இலட்சத்தைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரி பூச்சியமாயினும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தாக்கல் செய்தால்தான் பிடித்த 8,400 ரூபாய் திரும்பி வரும். ஊதியம் மட்டும் உடையோருக்குரிய 'சகஜ்' படிவம் இங்குப் பொருந்தாது. 'சுகம்' எனப்படும் நான்காம் படிவத்தையே நிரப்ப வேண்டும். நண்பரின் சொல்லைக் கேட்டிருந்தால் தந்தை தம் பணத்தையே இழந்திருப்பார்.

எல்லோருக்கும் பணம் திரும்ப வரும் என்பதில்லை. அவருடைய ஊதியம் ஆண்டுக்கு 15 இலட்சமாக இருந்து, ஒசூரில் எதுவும் பிடிக்காமல் கொடுத்திருந்தால், அதே 42,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம், கூடுதல் வரியும் சேர்த்து, 6,552 ரூபாய் செலுத்த நேர்ந்திருக்கும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியது கண்டறியப்பட்டால், விடுபட்ட வரியில் பாதி அபராதமாகலாம். பொய்யாகக் காட்டியிருந்தால் அபராதம் அவ்வரியைப்போல் இரு மடங்கு.

இந்தியாவில் வருமானவரியை 1860ஆம் ஆண்டில் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைவான வருமானத்திற்கு அப்போது வரியில்லை. அத்திட்டத்தை எதிர்த்துத் தம் கருத்தை வெளிப்படையாக அச்சிட்டவர் சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன். அதற்காக அவரை இங்கிலாந்து திரும்ப அழைத்துக்கொண்டது. வரியைக் குறித்த தயக்கம் ஆளுநர் மாளிகையிலும் இருந்தது போலும்.

தந்தை படிவத்தை நிரப்பி முடித்தபோது மணி பதினொன்றாகியிருந்தது. ஓடிபி எண்ணை மகள் படித்துச் சொன்னாள். "அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு வேலைக்கும் வாங்கிய தொகையை ஒரு நோட்டில் எழுதி வைப்போம்" என்றார் தந்தை. மகள் தன் பழைய கணக்கு நோட்டின் எஞ்சிய தாள்களை எண்ணத் தொடங்கினாள்.

சொற்பொருள்
இசைவு – சம்மதம். ஒப்புகைத்தாள் – பெற்றுக்கொண்டதற்கான சான்று. கழிவு – கணக்கில் நீக்கப்படும் தொகை. திறை – கப்பம்.

பயிற்சி
1. தந்தைக்கு 8,400 ரூபாய் குறைவாகக் கிடைத்ததன் உண்மைக் காரணம் யாது?
2. வரி பூச்சியமாக இருந்தும் அவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது ஏன்?
3. கட்டணம் 1,20,000 ரூபாயாக இருந்திருப்பின், மொத்த வருமானம் எவ்வளவு? கணக்கிட்டு எழுதுக.
4. பிரித்து எழுதுக: நூற்றுக்கைந்து, பெயர்ப்பலகை, அவ்வரி.
5. உம் தெருவிலுள்ள கன்னடப் பெயர்ப்பலகைகளில் தமிழ்ச்சொல்லுக்கு உறவான சொற்கள் மூன்றைக் கண்டறிந்து, இரு மொழிப் பொருளையும் எழுதுக.