டிரெய்லரைக் கட்டுவதா, விட்டு இறங்குவதா?

2022 மே 21, சனிக்கிழமை. கனடாவில் விக்டோரியா தின நீண்ட விடுமுறை. ஒன்டாரியோவின் முகாம் மைதானங்கள் நிரம்பியிருந்தன. அன்று டெரேச்சோ எனப்படும் இடிமழைப் புயல்வரிசை தென் ஒன்டாரியோ முழுவதையும் வாரி அடித்துக்கொண்டு போனது. பிராண்ட் பகுதியில் பைன்ஹர்ஸ்ட் ஏரியருகே பெரிய மரம் ஒன்று ஒரு கேம்பிங் டிரெய்லரின் மேல் சாய்ந்தது. உள்ளே ஒதுங்கியிருந்த மூவரில் ஒருவர் உயிரிழந்தார். வானம் கறுத்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்துவது யாருக்கும் இயல்பாக வருவது. டொரண்டோவிலும் டாலஸிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவும் இப்போது கோடையில் டிரெய்லர் எடுத்துக்கொண்டு கிளம்புகின்றன. கடுங்காற்றில் டிரெய்லருக்குள் இருந்தபடி தப்பிப்பது எப்படி என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே தவறு என்பது என் துணிபு. காற்று வருமுன் அதைவிட்டு எப்போது, எங்கே போவது என்றுதான் கேட்க வேண்டும்.

“இரண்டரை டன் எடை, அவ்வளவு சுலபமாகக் கவிழுமா?” என்பது பரவலான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழரை மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள பெட்டி ஒன்றின் பக்கச்சுவர் 18 சதுர மீட்டர். மணிக்கு 110 கி.மீ. காற்று அதில் நேராக மோதினால் தள்ளும் விசை சுமார் 1,300 கிலோ எடைக்குச் சமம். அது தரையிலிருந்து ஏறத்தாழ 1.9 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது. அதை எதிர்க்கும் 2,500 கிலோ எடைக்கோ, சக்கரத்திலிருந்து வண்டியின் நடுப்பகுதி வரை ஒரே ஒரு மீட்டர்தான் பிடிமானம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட சமமாக நிற்கின்றன. கூரையைக் காற்று மேல்நோக்கி இழுப்பதையும் சேர்த்தால் தராசு காற்றின் பக்கம் சாய்ந்துவிடும். வேகம் கூடும்போது விசை அதன் வர்க்கமாகக் கூடுகிறது, 130 கி.மீ. வந்தால் தள்ளுவிசை மேலும் 40 சதவீதம் ஏறும். நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் இழுத்துப்போகும்போது ஒன்றும் ஆவதில்லையே என்பார்கள். அங்கே காற்று படுவது குறுகலான முன்முகத்தில். இங்கே படுவது அகன்ற விலாப்புறத்தில். நான்கு மூலையிலும் இறக்கும் ஜாக்குகள், நாம் உள்ளே நடக்கும்போது வண்டி ஆடாமலிருக்க வைத்தவை. அவை தரையில் ஊன்றி நிற்கின்றன, தரையைப் பிடித்துக்கொள்வதில்லை.

இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் மறுமொழியில் பாதி உண்மை இருக்கிறது. முகப்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, இழுக்கும் வண்டியைக் கழற்றாமல் வைத்து, தரையில் ஆணியடித்துப் பட்டி போட்டுக் கட்டினால் கவிழும் வாய்ப்பு குறையும் என்கிறார்கள். சாதாரணப் பலத்த காற்றுக்கு அது சரிதான். வெயில்மறைப்புத் துணியைச் சுருட்டுவதும், நீட்டிய பக்க அறையை உள்ளே இழுப்பதும், எரிவாயுவை அடைப்பதும் அவசியமே. ஆனால் இடிமழைக் காற்றின் திசை சில நிமிடங்களில் மாறிவிடும். நாம் கட்டியது அடிச்சட்டத்தை மட்டுமே. அதன்மேல் இருப்பவை மெல்லிய அலுமினியத் தகடோ கண்ணாடியிழைப் பலகையோ தைத்த சுவர்கள். சட்டம் நின்ற இடத்திலேயே நிற்க, பெட்டி பிய்ந்துபோகலாம். நிரந்தரமாக நங்கூரமிட்ட மொபைல் வீடுகளைக்கூட டொர்னேடோவின்போது விட்டு வெளியேறுங்கள் என்றே அமெரிக்க தேசிய வானிலைச் சேவை சொல்கிறது. 2000 ஜூலை 14 அன்று ஆல்பர்ட்டாவின் பைன் ஏரிக் கரையில் டிரெய்லர்கள் நிறைந்த கிரீன் ஏக்கர்ஸ் முகாமை எஃப்3 டொர்னேடோ தாக்கியபோது 12 பேர் இறந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஜன்னலைத் திறந்துவைத்தால் உள்ளழுத்தம் சமமாகும் என்ற பழைய நம்பிக்கை காற்றை உள்ளே விட்டுக் கூரையைத் தூக்கவே உதவும். மரத்தோப்பு காற்றைத் தடுக்கும் என்பவர்களுக்குப் பைன்ஹர்ஸ்ட் போதும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானதாக நான் கருதுவது “போன் அலறும், அப்போது எழுந்து போகலாம்” என்ற நம்பிக்கையைத்தான். அமெரிக்காவில் இடிமழைக் காற்று மணிக்கு 93 கி.மீ. எட்டும் என்றால் கடும் இடிமழை எச்சரிக்கை வெளியாகும்; கனடாவில் அந்த அளவு 90 கி.மீ. ஆனால் உறங்குபவரை எழுப்பும் அந்த அவசர ஒலி, காற்றைப் பொறுத்தவரை, இரு நாடுகளிலும் சுமார் 130 கி.மீ. எதிர்பார்க்கப்பட்டால்தான் அடிக்கும். டொர்னேடோ எச்சரிக்கைக்கு அடிக்கும் என்பது வேறு. மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள்: டிரெய்லர் கவிழத் தொடங்குவது 110 அருகே. அதாவது வண்டியைப் புரட்டப் போதுமான காற்று, போன் ஒரு சத்தமும் போடாமலே வரலாம். செங்கல் வீட்டில் இருப்பவர்களுக்குப் பொருந்தக்கூடிய அளவு அது, குறையென்று சொல்ல முடியாது. டிரெய்லரில் இருப்பவர்தான் தன் அளவைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வானிலை வானொலிப் பெட்டி நல்ல துணை. ஆனால் எச்சரிக்கைகள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பெயர் சொல்லி வரும். நேற்று எந்தக் கவுண்டியில் இருந்தோமோ அதற்கே பெட்டியை அமைத்துவிட்டு இன்று வேறிடத்தில் தூங்கினால் அது வாய் திறக்காது. தான் நிற்கும் கவுண்டியின் பெயர் தெரியாத பயணிக்கு வானொலி அறிவிப்பு கேட்டும் பயனில்லை. சைரன் வெட்டவெளியில் இருப்பவர்களுக்கானது, எல்லா முகாம்களிலும் கிடையாது.

மேகம் திரளும்போதெல்லாம் ஓட முடியுமா என்று கேட்பது நியாயம். பெரும்பாலான எச்சரிக்கைகள் டிரெய்லருக்கு ஒன்றும் செய்யாமலே கடந்துபோகும். ஆனாலும் கழிப்பறைக் கட்டடம் வரை நடந்துபோய் அரைமணி நேரம் நிற்பதுதான் இதற்கான விலை. மின்னலிலும் ஆலங்கட்டியிலும் வெளியே போவது இன்னும் மோசமல்லவா என்ற கேள்விக்குப் பதில், அவை தொடங்குமுன் போவதே. டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு ஓட்டித் தப்பலாம் என்ற எண்ணம் வேண்டாம். 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவைச் சிதைத்த டெரேச்சோ 14 மணி நேரத்தில் ஏறத்தாழ 1,240 கி.மீ. கடந்தது, அதன் முன்னால் டிரெய்லர் இழுத்து ஓட்டுவது, அகன்ற விலாவைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டே போவது. சாலை மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவதும் கூடாது. 1991இல் கன்சாஸில் எடுத்த ஒரு காணொலியால் பரவிய நம்பிக்கை அது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று மேம்பாலங்களின் அடியில் பாலத்துக்கு ஒருவராக மூவர் மாண்டனர்.

முகாமில் வண்டியை நிறுத்தியதும், ஜாக் இறக்குவதற்கு முன்பே, அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எந்தக் கவுண்டி, புயலென்றால் எந்தக் கட்டடத்துக்கு வர வேண்டும்? கான்கிரீட் கட்டையில் கட்டிய குளியலறைக் கட்டடத்தையே பல முகாம்கள் காட்டும். அந்த வழியைக் குழந்தைகளோடு ஒருமுறை பகலில் நடந்து பாருங்கள். கடும் இடிமழை எச்சரிக்கை வந்தால், செருப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, டிரெய்லரை அப்படியே விட்டுவிட்டுப் போங்கள்.