ஒழுகும் சீல், தட்டும் ஆக்சில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடரும் நின்றது. ஆனாலும் இரண்டும் இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 1983 டிசம்பரில் வந்ததிலிருந்து இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி 800. பதினைந்து ஆண்டு முடிந்து, பதிவைப் புதுப்பித்து, அப்பா ஓட்டியதை இப்போது மகள் ஓட்டும் வீடுகள் எத்தனையோ. அந்த வண்டிகளுக்கு வரும் புகார்களில் இரண்டு மிகப் பழக்கமானவை. காலையில் வண்டியை எடுத்தால் தரையில் எண்ணெய்க் கறை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம். இரண்டுக்கும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் எது சரி, எது காசைக் கரைக்கும் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது. அம்பாசடரிலும் பழைய ஃபியட்டிலும் பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். 800-இல் முன் சக்கரங்கள் இழுக்கும். கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். அதிலிருந்து இடமும் வலமும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்கள் சக்கரங்களுக்குப் போகும். ஒர்க் ஷாப்பில் அதைத்தான் ஆக்சில் என்பார்கள். ஷாஃப்ட் கூட்டுக்குள் நுழையும் இடத்தில் ஓர் ஆயில் சீல். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட், அதன் மேல் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட். சீல் உட்கார்ந்து ஓடும் வழவழப்பான பரப்பு உள் ஜாயின்டின் தண்டில்தான் இருக்கிறது. அதனால் சீல் வேலையையும் ஆக்சில் வேலையையும் வேறு வேறாகப் பார்க்கக் கூடாது. ஒன்றுக்காகக் கழற்றும்போது மற்றதையும் பார்த்துவிட வேண்டும். இந்தப் பத்தி முழுக்க நான் வற்புறுத்தப்போவது இதைத்தான்.

"எங்கே சொட்டுகிறதோ, அங்கேதான் ஒழுகுகிறது."

பெரும்பாலும் இல்லை. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும். நின்றபின் அது கீழ்நோக்கி வழிந்து, கூட்டின் தாழ்வான மூலையில் திரண்டு சொட்டும். அடிப்பக்கத்தை மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுக் கழுவித் துடைத்து, இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஈரம் தெரிவதிலேயே மேலே உள்ள இடம் எதுவோ, அங்கிருந்துதான் ஒழுகல் கிளம்புகிறது.

எந்த எண்ணெய் என்பதையும் பார்க்க வேண்டும். ஓடிய என்ஜின் ஆயில் கறுத்திருக்கும். கியர் ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக நெடி அடிக்கும். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மணிவடிவக் கூட்டுக்குக் கீழே சொட்டினால், கிராங்கின் பின் சீல், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் என இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் பட்டுவிட்டால், மேடேறும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. இரண்டில் எதை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். ஆகவே இறக்கியபின் இரண்டையும் மாற்றிவிடுவதே நியாயம்.

"சீல் போய்விட்டது; புதுச் சீல் போட்டால் சரி."

நம்பிக்கைகளிலேயே அதிகம் செலவு வைப்பது இதுதான். புதுச் சீல் போட்ட மூன்றாம் மாதம் மறுபடி ஒழுகும். "சீல் டூப்ளிகேட்" என்று கடைக்காரர் மேல் பழி விழும். சீல் தானாகப் போனதா, அதை ஏதாவது கெடுத்ததா என்று யாரும் கேட்பதில்லை.

800-இன் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 600 சுற்று சுற்ற வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு 60 லட்சம் சுற்று. அத்தனையிலும் சீலின் ரப்பர் லிப், தண்டின் அதே ஒற்றைக் கோட்டில்தான் உரசுகிறது. மென்மையான ரப்பர் எஃகைத் தேய்க்குமா என்று தோன்றும். தேய்க்கும். நுண்ணிய தூசியும் உலோகப் பொடியும் லிப்பில் பதிந்துகொண்டு, எஃகை மெல்ல அரைத்து ஒரு பள்ளக்கோடு போட்டுவிடும். புதுச் சீலின் லிப் அந்தப் பள்ளத்தில் சரியாக அமராது. ஷாஃப்ட்டை வெளியே எடுத்தவுடன் தண்டைத் துடைத்து, விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் புதுச் சீல் மட்டும் போதாது. பள்ளம் லேசாக இருந்தால், இடம் அனுமதிக்கும் வண்டியில் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாற்றி அமர்த்தலாம். தேய்ந்த பரப்பின் மேல் இறுக்கும் மெல்லிய உலோக ஸ்லீவும் சில அளவுகளில் கிடைக்கிறது. பள்ளம் ஆழமாக இருந்தால் உள் ஜாயின்டையே மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது பேரிங். ஷாஃப்ட் முனையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கழற்றாத இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கைக்கே தெரியும். டிஃபரென்ஷியல் பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால், எவ்வளவு நல்ல சீலும் அந்த ஆட்டத்தைப் பின்தொடர முடியாமல் ஒழுகும்.

மூன்றாவதை அநேகமாக யாருமே பார்ப்பதில்லை: கியர்பாக்ஸ் மூச்சுவிடும் பிரீதர். அதில் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துக்கொண்டால் உள்ளே சூடாகும் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. 30 டிகிரியில் இருந்த காற்று 90 டிகிரிக்குச் சூடானால், அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். இந்தச் சீல்கள் எண்ணெய் தெறிப்பதைத் தடுக்கச் செய்யப்பட்டவை. அழுத்தத்தைத் தாங்க அல்ல. பிரீதரைச் சுத்தம் செய்தாலே ஒழுகல் நின்றுவிடுவதும் உண்டு. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் சீல் வழியாகத்தான் வெளியே வரும்.

"சுத்தியலால் நாலு தட்டு, சுற்றிலும் பேஸ்ட். வேலை முடிந்தது."

சீலைச் சாய்வாக இறக்கினால் அதன் உலோக வளையம் நெளியும். அதே விட்டமுள்ள பெரிய சாக்கெட்டையோ பழைய சீலையோ மேலே வைத்து, எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும்படி மெல்லத் தட்ட வேண்டும். லிப்பைச் சுற்றியுள்ள சுருள் ஸ்பிரிங் எண்ணெய் இருக்கும் பக்கம், அதாவது கூட்டின் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். லிப்பில் கொஞ்சம் கிரீஸோ கியர் ஆயிலோ தடவாமல் ஷாஃப்ட்டை நுழைத்தால், முதல் சில நிமிடங்களிலேயே உலர்ந்த ரப்பர் சூடேறிக் கருகும். பேஸ்ட் தேவையென்றால் வெளி விளிம்பில் மெல்லிய பூச்சு போதும். வெளிப்புறமும் ரப்பர் போர்த்திய சீலுக்கு அதுவும் வேண்டாம். பேஸ்ட் லிப்பில் பட்டால் புதுச் சீல் முதல் நாளே ஒழுகும்.

சில வண்டிகளில் இடப்பக்கச் சீலும் வலப்பக்கச் சீலும் வேறு வேறு. லிப்பில் எண்ணெயைத் திருப்பித் தள்ளும் சாய்ந்த வரிகள் இருக்கும். சுழலும் திசை மாறினால் அவை எண்ணெயை வெளியே தள்ளும். அளவு மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

"லீக்கை நிறுத்தும் மருந்து ஊற்றினால் போதும்."

அந்த மருந்துகள் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்குபவை. லேசாக இறுகிய சீலில் சில வாரங்கள் ஒழுகல் குறையலாம். கிழிந்த லிப்புக்கும் தண்டின் பள்ளத்துக்கும் அதில் வைத்தியம் இல்லை. ஒழுக ஒழுக ஊற்றிச் சமாளிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. என்ஜின் ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு உண்டு. கியர் ஆயிலுக்கு அப்படி ஒன்று இல்லை. பல்சக்கரம் ஊளையிட ஆரம்பித்த பிறகே தெரியும்.

"90 ஆயில் எல்லாம் ஒன்றுதான்."

90 என்பது எண்ணெயின் கனத்தை மட்டும் சொல்லும் எண். அதில் கலந்த மருந்துச் சரக்கைச் சொல்வது ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற குறியீடு. ஜிஎல்-5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கை அதிகம். அம்பாசடரின் பின் ஆக்சிலில் உள்ளது போன்ற ஹைபாய்டு கிரவுன், பினியனுக்கு அது அவசியம். ஆனால் கியர்பாக்ஸில் பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. சில ஜிஎல்-5 எண்ணெய்கள் அந்தப் பித்தளையை அரிக்கும். மேலும், அதிக வழுக்கலால் வளையம் பிடிக்காமல் கியர் மாற்றும்போது கரகரக்கும். 800 போன்ற கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள்.

"திருப்பும்போது டக் டக் சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது."

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்து மெல்லத் திரும்பும்போது, சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறையும் தட்டல் கேட்டால் அது வெளி ஜாயின்ட்தான். அதற்குள் ஆறு எஃகு உருண்டைகள் வளைந்த பள்ளங்களில் ஓடுகின்றன. ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் ரெஸ்பா 1920-களில் உருவாக்கிய வடிவம் அது. சக்கரம் எந்தக் கோணத்தில் ஒடிந்திருந்தாலும் சுழற்சி வேகம் மாறாமல் கடத்துவதுதான் அதன் சிறப்பு. 1959-இல் பிரிட்டனில் வந்த மினி கார், இந்த ஜாயின்டை வைத்துத்தான் முன்சக்கர வண்டியைச் சாதாரண மக்கள் ஓட்டும் பொருளாக்கியது. பள்ளம் தேய்ந்து உருண்டை ஆடும்போது தட்டுகிறது. நேர்ச்சாலையில் வேகம் கூட்டும்போது மட்டும் வண்டி அதிர்ந்தால் உள் ஜாயின்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒடிக்காமலே வேகத்தோடு ஏறும் 'ங்ங்' என்ற இரைச்சல் வீல் பேரிங்.

ஜாயின்டைக் கொல்வது அநேகமாகக் கிழிந்த பூட்தான். வெடித்த மடிப்பு வழியே கிரீஸ் தெறித்துப்போகும். மழைநீரும் மணலும் உள்ளே போகும். "சத்தம் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று விடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. ஜாயின்ட் அமைதியாக இருக்கும்போதே பூட்டை மாற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தால் பிழைத்துவிடும். சத்தம் தொடங்கிய பிறகு கிரீஸ் வைப்பது சத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், தேய்ந்த எஃகை வளர்க்காது. டயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்து, சக்கரத்துக்குப் பின்னாலும் ரிம்மின் உள்பக்கத்திலும் கறுப்புக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிரீஸிலும் கவனம் வேண்டும். வீல் பேரிங் கிரீஸை இங்கே அப்பக் கூடாது. உருண்டை ஜாயின்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ். உள் ஜாயின்டுக்கு வேறு கிரீஸ் கேட்கும் வண்டிகளும் உண்டு. பூட் கிட்டோடு வரும் பாக்கெட்டை முழுசாகப் பிதுக்கி வைத்தால் அளவும் சரியாக இருக்கும்.

"ஷாஃப்ட்டைப் பிடித்து ஓங்கி இழுத்தால் வந்துவிடும்."

வரும், ஆனால் உள் ஜாயின்டைப் பிரித்துக்கொண்டு வரும். ஆயிலை வடித்துவிட்டு, கூட்டுக்கும் ஜாயின்டுக்கும் இடையே நெம்புகோலை வைத்து நெம்ப வேண்டும். சீலின் விளிம்பில் கோல் படக் கூடாது. முனையில் உள்ள சர்கிளிப்பைப் புதிதாகப் போடுவது நல்லது. திரும்ப நுழைக்கும்போது அது 'டக்' என்று பூட்டிக்கொண்டதா என்று வெளிப்பக்கம் லேசாக இழுத்து உறுதி செய்யுங்கள். சில வண்டிகளில் இரண்டு ஷாஃப்ட்களையும் ஒரே நேரத்தில் உருவினால் டிஃபரென்ஷியலுக்குள் பக்கப் பல்சக்கரங்கள் இடம் நகர்ந்துவிடும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடுவது பாதுகாப்பு. வண்டிக்கு அடியில் போகும் முன் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள்.

ஹப் நட்டைக் கைக்கணக்கில் இறுக்குவதும் தவறு. அந்த இறுக்கம்தான் வீல் பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். மடக்கும் வகை நட்டாக இருந்தால் புது நட்டு. நட்டு தளர்ந்த நிலையில் வண்டியை உருட்டினால் பேரிங் கெடும்.

"ஜீப்பின் புரப்பெல்லர் ஷாஃப்ட்டை எப்படிக் கோத்தாலும் ஓடும்."

பின்சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது. அந்த ஷாஃப்ட்டின் முனையில் உள்ள கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது, ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயின்ட் அதை ஈடுசெய்ய வேண்டுமானால், ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஸ்பிளைனில் ஒரு பல் மாறிக் கோத்தாலும் அதிர்வு வரும். அந்த அதிர்வு கியர்பாக்ஸின் பின் சீலையே மறுபடி தின்னும். கழற்றும் முன் இரு பாகத்திலும் பெயின்ட்டால் குறி போடுங்கள்.

"பழைய வண்டிக்குப் புதுப் பாகம் வீண்; புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் முழு ஆக்சிலே வாங்கிவிடலாம்."

வாங்கலாம், பார்த்து வாங்கினால். பூட் கிழியாமல் இருக்க வேண்டும். ஜாயின்டை எல்லாக் கோணத்திலும் வளைத்துச் சுற்றினால் எங்கும் தடுக்கக் கூடாது. சீல் ஓடும் தண்டில் நகம் தடுக்கக் கூடாது. பெரும்பாலோர் இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். ஆனால் சீலையும் பூட்டையும் சர்கிளிப்பையும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். பாகங்களில் மலிவானவையே இவைதாம். கூலியோ, நல்ல சீலுக்கும் மட்டச் சீலுக்கும் ஒன்றுதான். வெளி ஜாயின்ட் மட்டும் தேய்ந்திருந்தால், ஸ்பிளைன் நன்றாக இருக்கும்பட்சத்தில், அதை மட்டும் கிட்டாக வாங்கி மாற்றினால் போதும்.

"புதுச் சீல் போட்டும் ஈரமாக இருக்கிறது, வேலை மோசம்."

அவசரப்பட வேண்டாம். லிப்புக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால்தான் சீல் வாழும். பொருத்தும்போது தடவிய கிரீஸ் உருகி முதல் சில நாள் வெளியே தெரியவும் செய்யும். சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் ஊற்றி மூடியபின், சீலைச் சுற்றித் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். தூசி ஒட்டும் அளவு கசிவு இருந்தால் விட்டுவிடலாம். துளியாகத் திரண்டு கூட்டின் கீழே இறங்கினால், மறுபடி ஷாஃப்ட்டை எடுத்துத் தண்டையும் பேரிங்கையும் பிரீதரையும் பாருங்கள்.